பெல்ட் சத்தத்துக்குப் பிறகு

அவர் இறந்துபோன பிறகு மகள் கேட்டது ஒன்றுதான்: அப்பாவின் குரல். எங்கள் குவார்ட்டர்ஸில் அது இல்லை. விசேஷங்களில் கேமராவைப் பிடித்தபடி வாயைத் திறக்காமல் நின்றவர் அவர். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படத்தைத் தவிர வேறொன்றும் அனுப்பியதில்லை.

மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பு அவருடைய வேலை. பெல்ட்டைத் தாங்கும் உருளைகளில் எது கெடப்போகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே பிடித்துவிடலாம் என்று சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதி, சத்தத்தை வெறும் எண்களாகக் கோப்பில் சேர்த்துவந்தார். அந்த மொழியைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். பாலிடெக்னிக்கில் அதைச் சொல்லிக்கொடுத்துத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். பின்னால் குழம்பாமல் இருக்க, ஒவ்வொரு பதிவின் முடிவிலும் உருளையின் எண்ணை வாய்விட்டுச் சொல்லுவார்.

ஆபீஸ் கம்ப்யூட்டரை அழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் பையிலிருந்த பென்டிரைவில் ஒரே ஒரு கோப்பு மிஞ்சியது. அதைப் படித்து, கேட்கக்கூடிய கோப்பாக மாற்றி எழுத ஒரு புரோகிராம் போட்டேன். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். லேசான இரைச்சல் கேட்டது. பெல்ட் ஓடத் தொடங்கியதும் பதிவு சட்டென்று நின்றுவிட்டது. அவள் எழுந்து போனாள்.

பதிவு பாதியில் அறுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஏமாற்றம்கூட வரவில்லை. அந்த மாதங்களில் எனக்கு எதுவுமே வரவில்லை. சமைத்தேன், சாப்பிட்டேன், வகுப்புக்குப் போனேன். பிளாக்கில் யாராவது விசாரித்தால் "இருக்கோங்க" என்றேன். கேட்டவர்களுக்கும் அது போதுமாக இருந்தது.

பிறகு ஒருநாள் கோப்புகள் பாடம் வந்தது. ஆண்டுதோறும் சொல்வதைத்தான் சொன்னேன். எழுத்துகளாக இல்லாத கோப்பைத் திறக்கும்போது 'பி' என்ற ஓரெழுத்தைச் சேர்க்க வேண்டும். விட்டுவிட்டால், விண்டோஸில் இருபத்தாறு என்ற எண் வந்ததும் கோப்பு முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு நின்றுவிடும். மிச்சமெல்லாம் உள்ளேயே இருக்கும், ஆனால் வராது. சொல்லிவிட்டு சாக்பீஸும் கையுமாக நின்றேன். சத்தமில்லாதபோது அவருடைய எண்கள் நூற்றிருபத்தெட்டை ஒட்டியே நிற்கும்; சத்தம் கூடி மேலும் கீழும் ஆடினால்தான் இருபத்தாறு வரை இறங்கும். பெல்ட் ஓடத் தொடங்கியதும் நின்றது அதனால்தான். இந்தத் தப்புக்கு மார்க் குறைக்கிறவளே நான்தான்.

மதியம் வீட்டுக்கு வந்து அந்த எழுத்தைச் சேர்த்தேன். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். இந்த முறை பெல்ட் நிற்காமல் இரைந்தது. அடங்கியதும், "நூத்திப் பதினாலு" என்றார். கொஞ்சம் கரகரத்த, அவருடைய அதே குரல். எனக்கு அழுகை வரவில்லை. அவர் பதிவை நிறுத்த மறந்திருந்தார். அவரோடு வேலை பார்த்த, பக்கத்து வடக்குத்து கிராமத்துக்காரரான கான்ட்ராக்ட் தொழிலாளி பேசுவதும் கேட்டது.

"என்னா சார், நெஞ்சைப் புடிச்சிகினு நிக்கிறீங்க? ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் சார்."

"நேத்துலேருந்தே இருக்கு. வீட்ல சொல்லிடாதீங்க. பாப்பாவுக்குப் பரீட்சை நடக்குது, முடியட்டும்."

அவ்வளவுதான். அவள் பரீட்சை முடிவதற்குள் அவர் போய்விட்டார். மிச்சப் பரீட்சைகளையும் அவள் போய் எழுதிவிட்டுத்தான் வந்தாள்.

அவர்மேல் கோபம் வந்தது. அத்தனை மாதத்தில் எனக்கு வந்தது அது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரமில்லை. அவள் வரும் நேரமாகிவிட்டது. நூற்றுப் பதினாலு எங்கே முடிகிறது என்று தேடிப் பிடித்து, அதுவரை உள்ள எண்களை மட்டும் படித்து வேறொரு கோப்பில் எழுதினேன். பென்டிரைவை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அவள் வந்து கேட்டாள். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"இவ்ளோதானாம்மா? அதுக்கப்புறம் அப்பா ஒண்ணும் பேசலையா?"

"இவ்ளோதான். அதோட ஆஃப் பண்ணிட்டார்" என்றேன்.