மச்சான் தைத்த பெட்டி

டோஹாவிலிருந்து கட்டுநாயக்காவில் வந்திறங்கியபோது என் துணிப் பெட்டியின் ஒரு பக்கம் கிழிந்து, உள்ளே வைத்த துவாய் வெளியே தொங்கியது. விமான நிறுவனத்தின் கவுண்டரில் சண்டை பிடித்தேன். முறைப்பாட்டைப் பதிந்த பெண், "கிழிசலைப் படம் எடுத்து அனுப்புங்க, நட்டஈடு தருவாங்க" என்றாள். என் போனில் சார்ஜ் இல்லை. வீட்டில் எடுக்கலாம் என்று மண்டூருக்கு வந்தவன், களைப்பில் படுத்துவிட்டேன்.

எழும்பிப் பார்த்தால், தங்கையின் கணவர் முற்றத்தில் பெட்டியை மடியில் வைத்து, வலை பொத்தும் ஊசியால் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார். வாவியில் மீன் பிடிப்பவர். கிழிந்த எதையும் பொழுதுபடும்வரை விட்டுவைக்கமாட்டார்.

"ஆரு மச்சான் உங்களத் தைக்கச் சொன்ன?" என்று கத்தினேன்.

"கிழிஞ்சு கிடந்திச்சே, பார்த்திட்டுச் சும்மா இரிக்கேலுமா?" என்றார்.

வேறு வழியில்லாமல் தைத்த பெட்டியையே படம் எடுத்து, நடந்ததையும் எழுதி அனுப்பினேன். பெட்டி நல்ல நிலையில் இருப்பதால் நட்டஈடு கிடையாது என்று பதில் வந்தது. ஆத்திரத்தோடு அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொருக்கா வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். உடனே குசினிப் பக்கம் திரும்பித் தங்கையைக் கூப்பிட்டார்:

"இஞ்ச வா புள்ள, வந்து கேளு! பிளேன்காரனே சொல்லிட்டான், பெட்டி நல்லாயிரிக்காம்."