மக்டலீனின் லிஸ்பன் நேர்த்தி

ஹம் நகரத்து முதியோர் இல்லமொன்றில் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறாள் மக்டலீன். கிழவர்களைக் குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, ஊட்டுவது, இறந்தால் கண்ணை மூடிவிடுவது. ஐம்பத்தேழு வயதாகிறது, கல்யாணம் ஆகவில்லை. அது தானாக நடந்த காரியமல்ல. தம்பி ஊரிலிருந்து வரட்டும், தங்கச்சி வரட்டும், அவர்கள் காலூன்றட்டும் என்று ஆளாளுக்கு வழிவிட்டதில் இவளுடைய முறை வரவேயில்லை. அதற்கு ஒருவரும் நன்றி சொன்னதில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் அது பொய். எதிர்பார்த்தாள்.

அதனால்தான் தம்பி பீலிக்ஸ் டோர்ட்முண்டிலிருந்து போன் எடுத்து, கோடைக்கு எங்களோடு கப்பலில் வாறியளோ அக்கா என்று கேட்டபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஹம்பேர்க்கில் ஏறினால் றொட்டர்டாம், லா கொருன்யா, லிஸ்பன். லிஸ்பன் என்றதும் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அது அந்தோனியார் பிறந்த ஊர். பிறந்த வீடு இருந்த இடத்தில் இன்று கோயில் நிற்கிறது. தொண்ணூற்றாறில், களவாக எல்லை கடத்திவிடும் ஏஜென்சிக்காரனை நம்பி வந்த பீலிக்ஸ் போலந்துப் பக்கத்துக் காட்டில் காணாமல் போனான். இருபத்திநாலு நாள் ஒரு தகவலுமில்லை. தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அந்தோனியார்தானே. தம்பியை உயிரோடு தந்தால் நீர் பிறந்த இடத்துக்கே வந்து, வாசலிலிருந்து பீடம்வரை முழந்தாளில் நடப்பேன் என்று நேர்ந்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை எல்லைப் பொலிஸிடமிருந்து போன் வந்தது.

தம்பி வந்து சேர்ந்த அன்றே நேர்த்தியைப் பற்றி அவனிடம் சொன்னாள். நானும் வருவேன் என்று அவன் அவளைக் கட்டிப்பிடித்து அழுதான். பிறகு வந்தது விசா இல்லாத காலம், அதற்குப் பிறகு லீவு இல்லாத காலம், லீவு கிடைத்தால் தம்பியின் பிள்ளைகளைப் பார்க்கிற காலம். வருடாவருடம் கெவெலார் யாத்திரைக் கோயிலுக்கு மாதாவிடம் போய், அந்தோனியாரிடம் எனக்காகக் கொஞ்சம் தவணை கேளும் என்று மன்றாடுவாள். இப்போது தம்பி மறக்கவில்லை என்று நம்பினாள். வேலையிடத்தில் ஒருவர் விடாமல் சொன்னாள்.

கப்பலேறிய பிறகுதான் விஷயம் வெளித்தது. பால்கனி வைத்த கேபின் பீலிக்ஸுக்கும் மனைவி லவினியாவுக்கும். ஜன்னலே இல்லாதது மக்டலீனுக்கும் லவினியாவின் தாய் கண்மணிக்கும். கண்மணி இடுப்பெலும்பு உடைந்து சக்கர நாற்காலியில் இருக்கிறவர், தனியே விட்டால் எழும்பப் பார்த்து விழுவார். முதல் நாளே அவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். தன்னைப் பார்க்க ஆளில்லாமல் மகளால் எங்கும் போக ஏலாதாம். மக்டலீனின் பெயரைச் சொன்னது லவினியாதானாம், வேலை பழகின ஆள் என்று.

வருடம் முழுக்கச் செய்கிற வேலையை லீவிலும் செய்யக் கூட்டிவந்திருக்கிறார்கள். அவளுக்கு வயிறெரிந்தது. ஆனாலும் றொட்டர்டாமில் ஒன்றும் பேசவில்லை, லா கொருன்யாவிலும் பேசவில்லை. லிஸ்பன் ஒன்று போதும் என்றிருந்தாள்.

லிஸ்பனில் கோயில் துறைமுகத்திலிருந்து கால்மணி நேர நடைதான். ஆனால் பீலிக்ஸும் லவினியாவும் சின்ராவில் அரண்மனை பார்க்க பஸ்ஸில் இரண்டு இடம் பதிந்திருந்தார்கள். திரும்ப ஐந்து மணியாகும், ஆறுக்குக் கப்பல் புறப்பட்டுவிடும். மக்டலீன் ஒரு மணித்தியாலம் மட்டும் கேட்டாள். ஒருவர் மாமியோடு இருங்கள், ஓடிப்போய் வந்துவிடுகிறேன் என்றாள். பஸ் நிற்காது என்றாள் லவினியா. கோயில் எல்லா ஊரிலும் இருக்கிறதுதானே என்றான் பீலிக்ஸ்.

"இது உனக்கு வைச்ச நேர்த்தியடா. நீ காட்டில துலைஞ்ச நேரம் வைச்சது."

பீலிக்ஸ் யோசித்துப் பார்த்தான். ஒன்றும் நினைவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு சிரித்தான்.

"என்னைக் கண்டுபிடிச்சது பொலிஸ் நாய் அக்கா. அந்தோனியார் காட்டுக்குள்ள வரேல்லை."

லவினியாவும் சிரித்தாள். சிரித்தபடியே தாயின் மருந்துப் பெட்டியை மக்டலீனின் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

மக்டலீன் கண்மணியை மேல்தட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். மேட்டில் இரண்டு கோபுரங்கள் தெரிந்தன. அந்தப் பெரிய கோயிலுக்குச் சற்றுக் கீழேதான் அந்தோனியார் கோயில் என்று கப்பல் பணியாளர் ஒருவர் கை காட்டினார். கல் பதித்த அந்த ஏற்றத்தில் சக்கர நாற்காலி ஏறாது. விட்டுவிட்டு ஓடலாமா என்று பார்த்தாள். கண்மணி கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கழிப்பறைக்குப் போகவேணும் பிள்ளை என்றார். அன்று ஆறு தரம் போனார். அரைமணி நேரம் தனியே விட்டதில் விழுந்து, பிறகு எழும்பாமலே போனவர்களை மக்டலீன் கண்டவள். மனம் கேட்கவில்லை, போகவில்லை. கப்பல் கரையை விட்டபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று நன்றாக அழுதாள். அழுது முடிந்ததும் அந்தோனியாரோடு கொஞ்சம் பேசினாள்.

இரவுச் சாப்பாட்டில் கோபமோ அக்கா என்று பீலிக்ஸ் கேட்டான். அவளுக்கென்று ஒரு பெட்டி கஸ்டர்ட் கேக் வாங்கி வந்திருந்தான்.

"கோவமில்லை" என்றாள் மக்டலீன். "நேர்த்தி செய்ய ஏலாட்டி வாங்கினதைத் திருப்பிக் குடுக்கவேணும். உன்னை அந்தோனியாரிட்டத் திருப்பிக் குடுத்திட்டன். எனக்குத் தந்த தம்பியை நீரே எடும், இனி எனக்கு வேண்டாமெண்டு சொல்லிட்டன்."

லவினியா கரண்டியை வைத்துவிட்டாள். பீலிக்ஸ் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. அக்கா, அப்பிடிச் சொல்லாதையுங்கோ என்றான். மக்டலீன் கண்மணியின் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஊர் திரும்பி மூன்று மாதமாகிறது. பீலிக்ஸுக்கு நெஞ்சில் லேசாக ஏதோ குத்துகிறதாம், டொக்டர் ஒன்றுமில்லை என்கிறாராம். கிழமை தவறாமல் ஹம்முக்கு வந்து அக்காவின் வாசலில் நிற்கிறான். லிஸ்பனுக்கு விமான டிக்கெட் எடுத்துத் தருகிறேன், போய் மாற்றிச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று கெஞ்சுகிறான். மக்டலீன் அவனுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, தனக்கு லீவில்லை என்கிறாள்.

அவளுக்கு இந்த வருட லீவில் பன்னிரண்டு நாள் மிச்சம் இருக்கிறது.