சூரியகாந்தி பார்க்கப் போன ஞாயிறு

அக்கா தங்கை இருவரில் சின்னவள் ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். முதலாவது, அவளுடைய இரண்டு கால்கள். ஆறு வயதில் இடுப்பெலும்பில் நோய் வந்து, மாவுக்கட்டோடு வருடக்கணக்கில் படுத்துக் கிடந்தவள் அவள். "இது நடக்காது, சக்கர நாற்காலி பாருங்கள்" என்று சொன்ன டாக்டரின் அறைக்குள் பிறகொரு நாள் விந்தி விந்தி நடந்தே போய், வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

அடுத்தது வேலை. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளைத் தூக்க இந்தக் கால் ஆகாது என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாளும் போய் நின்றாள், அதற்கு மறுநாளும். கடைசியில் அந்தக் கூடத்துக்கே சூப்பர்வைசர் ஆனாள். அங்கே ஆவியை வெளியே இழுக்க ஒரு பெரிய காற்றாடி வேண்டுமென்று எல்லோரும் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போயிருந்தார்கள். அவள் கேட்கவில்லை. மேலதிகாரியை உள்ளே கூட்டிப்போய், தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்து, அவருடைய பிள்ளைகளைப் பற்றி அன்பாக விசாரித்துக்கொண்டே இருந்தாள். சட்டை முதுகோடு ஒட்டிய பிறகுதான் விட்டாள். காற்றாடி வந்துவிட்டது.

பிறகு புருஷன். இரண்டு வீட்டிலும் மாட்டேன் என்றார்கள். இரண்டு வீடும் சொல்லிச் சொல்லி ஓயும்வரை இருவரும் காத்திருந்து கட்டிக்கொண்டார்கள்.

அவளுக்குக் கிடைக்காதது ஒன்றுதான், எழுத்து. மற்ற பிள்ளைகள் படித்த வயதில் அவள் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். எழுந்து நடந்தபோது குட்டிப் பிள்ளைகளோடு உட்காரச் சொன்னார்கள். "அந்தச் சிலேட்டு என் முழங்காலுக்குக்கூட வராது" என்று சொல்லிவிட்டாள். சலவைக்கூடத்தில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. பச்சைக் கரை ஆபரேஷன் அறைக்கு, நீலக் கரை குழந்தைகள் பகுதிக்கு. மிச்சத்தைத் துணியைத் தொட்ட விரலே சொல்லிவிடும்.

வெளியில் படிப்பது புருஷன் வேலை. அவர் அதே ஆஸ்பத்திரிக்கு மருந்து அனுப்பும் குடோனில் பெட்டிகளின் லேபிளைப் படித்துப் பிரித்து வைப்பவர். கல்யாணமான புதிதில் ஒருநாள், அவர் பக்கத்தில் நிற்கும்போதே அவள் வேறொருவரிடம் பஸ் எங்கே போகிறது என்று கேட்டுவிட்டாள். "நான் என்ன அழகுக்கா நிக்கிறேன்?" என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அன்றிலிருந்து அது அந்த வீட்டுச் சட்டமாகிவிட்டது. அவர் கூட இருந்தால், எழுத்தைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறக்க மாட்டாள்.

இருவருக்கும் ஒரே நாளில் லீவு என்பது அபூர்வம். அந்த வாரம் சலவைக்கூடத்தில் பாய்லர் பழுது. குடோனில் வெள்ளையடிப்பு. சனிக்கிழமை சாப்பிடும்போது அவர் சொன்னார்: "நாளைக்குக் கிராமப்பக்கம் போயிட்டு வரலாம். குடோன்ல ஒருத்தன் சொன்னான், சூரியகாந்தித் தோட்டமாம். பஸ்ஸு கடைசி ஸ்டாப்புல இறங்குனா கண்ணு கூசுற மஞ்சளாம்."

"எனக்குக் கால் நீட்டிப் படுக்கணும் போல இருக்கு. அடுத்த வருஷம் பூக்காதா என்ன?"

"இல்ல, இப்பவே பார்த்துடணும்."

இத்தனை அவசரமா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சரி என்றாள்.

பஸ் நிலையத்தில் அவர் ஒரு பஸ்ஸின் முன்னால் போய் அண்ணாந்து பார்த்தார். திரும்பி வந்து, "இதுதான், ஏறு" என்றார். கண்டக்டரிடம் "கடைசி ஸ்டாப் ரெண்டு" என்றார். தொழிற்சாலைச் சுவர்கள் போயின, குப்பை மேடுகள் போயின. பிறகு ஒன்றுமே இல்லாத நிலம் வந்தது. இறங்கிய இடத்தில் பாதிக் கூரை போன நிழற்குடை ஒன்றும், பூட்டிக் கிடந்த ஒரு பம்ப் ஷெட்டும் இருந்தன. மண்பாதையில் நடந்தார்கள். வழக்கத்துக்கு மாறாக அவர் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஊர் சுற்ற வந்த சந்தோஷம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பாதை முடிந்த இடத்தில் வயல். அறுவடை எப்போதோ முடிந்திருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெட்டிய சோளத்தின் காய்ந்த அடிக்கட்டைகள், புழுதி, வெயில். பஸ் மாறி ஏறிவிட்டோம் என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் கண்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு, "அடேயப்பா! பாத்தியா, என்னா மஞ்சள்!" என்றார்.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் கிண்டல் இல்லை. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

அவள் வயலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மனசில்லாமல்தான் கேட்டாள்: "அதோ தொப்பி போட்டுக்கிட்டு ஒருத்தர் நிக்கிறாரே. கேட்டா ஒரு பூ பறிக்க விடுவாரா?"

அங்கே யாரும் இல்லை.

"காவல்காரரா இருக்கும். வேணாம், ஏதாவது சொல்லிடப் போறாரு" என்றார்.

பம்ப் ஷெட்டின் நிழலில் உட்கார்ந்து ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். அவர் முட்டையை உரித்துவிட்டு விரலால் சுற்றித் தடவித் தடவிப் பார்த்தார். அப்படியும் ஓட்டுச் சில்லு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை எடுத்துப் போட்டாள். கொஞ்ச நாளாக நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்து பொருந்தியது. "பேப்பர்ல என்ன இருக்கு, எல்லாம் பழைய கதை" என்று செய்தித்தாளை நிறுத்தியது. டம்ளருக்கு வெளியே டீ ஊற்றியது. வேறு வேறு செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டு, தூக்கக் கலக்கம் என்று சொன்னது.

மிச்ச ரொட்டியைக் காகிதத்தில் திரும்பச் சுற்றி வைத்தாள். நாளைக்குத் திங்கட்கிழமை. நாளைக்கு இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இவர் மருந்துப் பெட்டி பிரிக்கப் போவார். அந்தப் பெட்டிகள் எந்தக் கட்டிலுக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கட்டில்களுக்குப் போர்வை அனுப்புகிறவள் அவள்.

சாயங்காலம் நிழற்குடை அருகே இரண்டு பஸ்கள், ஒன்று இந்தப் பக்கம் பார்த்தும் ஒன்று அந்தப் பக்கம் பார்த்தும் நின்றன. அவர் ஒன்றின் முன்னால் போய் அண்ணாந்தார். "இதுதான், ஏறு."

அவள் ஏறவில்லை. நிழற்குடையில் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்ணிடம் போனாள். அவருக்குக் கேட்கும்படியாகவே கேட்டாள்: "அக்கா, டவுனுக்கு எந்த பஸ்ஸு? எனக்குப் படிக்கத் தெரியாது. அவருக்குக் கண்ணு தெரியல."

"டவுனுக்கு அதும்மா. இது இன்னும் உள்ளாற போறது" என்றாள் கூடைக்காரி. இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்ல ஜோடிதான் போ. யாரு யாரைக் கூட்டிக்கிட்டு வந்தீங்க?"

அவர் பஸ்ஸின் முகப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அவள் போய்க் கையைப் பிடித்து இந்தப் பக்கம் கூட்டி வந்தாள். டவுன் பஸ்ஸில் ஏற்றி ஜன்னலோரம் உட்கார வைத்தாள்.

"எப்பலேர்ந்து?" என்றாள்.

"மழைக்கு முன்னாடியிருந்து. முதல்ல ஓரம் போச்சு. இப்ப நடுவுலயும் புகை."

"குடோன்ல எப்படிச் சமாளிக்கிறீங்க?"

"பெட்டி சைஸ் கைக்குத் தெரியும். குலுக்குனா சத்தம் தெரியும்."

"ஒரே சைஸ்ல, ஒரே சத்தத்துல ரெண்டு பெட்டி வந்தா?"

அவர் முன் சீட்டுக் கம்பியைத் தடவிக்கொண்டே கேட்டார்: "அங்க பூ இருந்துச்சா?"

"இல்ல. வெறும் கட்டை."

"தொப்பிக்காரர்?"

"அவரும் இல்ல."

"சூப்பர்வைசரம்மா என்னையே சோதிச்சுட்டாங்க" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்துபோனது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நாளைக்கு நானும் குடோனுக்கு வரேன். சேர்ந்தே சொல்லிடலாம். சோத்துக்கு என் வேலை இருக்கு."

"சோறு கிடக்கட்டும். உனக்கு யாரு இனிமே படிச்சுக் காட்டுவா? அதை நினைச்சுத்தான் வாயே திறக்கல."

அவள் அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அப்ப சொல்லிக் குடுங்க. எழுத்து உங்க கையிலதானே இருக்கு, கண்ணுலயா இருக்கு?"

புழுதி படிந்த ஜன்னல் கண்ணாடியைத் தடவிப் பார்த்து, அவளுடைய பெயரின் முதல் எழுத்தை அவர் விரலால் எழுதினார். "சரியா வந்திருக்கா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியலையே."

அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே அவள் ஊர்வரை வந்தாள்.

திங்கட்கிழமை குடோனில் போய்ச் சொன்னார்கள். அத்தோடு வேலை போயிற்று. கண் டாக்டர், நாள் கடத்திவிட்டீர்கள் என்றார். ஒரு கண் போய்விட்டது. மற்றதில் இருக்கிற கொஞ்சநஞ்ச வெளிச்சம் தங்குமா என்று ஆபரேஷன் செய்து பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். ஆபரேஷனுக்கு நாள் கிடைக்கும்வரை அவள் தன் பெயரை எழுதி எழுதிப் பழகினாள். சமையலறைத் தரையில் ஈர விரலால் எழுதினாள். சலவைக்கூடத்தில் ஆவி படிந்த கதவில் எழுதினாள். அவள் கையைப் பிடித்து எழுதவைத்தது அவர். எழுத்து சரியா என்று பார்த்துச் சொன்னது, ஞாயிறுதோறும் வந்துபோன அவளுடைய அக்கா. பஸ் பலகையைப் படிக்கும் அளவுக்கு இன்னும் வரவில்லை. பெயர் வந்துவிட்டது.

ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது. சூரியகாந்தியை இருவரும் இதுவரை பார்க்கவில்லை.

ஆபரேஷனுக்கு முன், சம்மதம் கேட்டு ஆஸ்பத்திரியில் தாளை நீட்டிய அன்று, மேஜைக்காரர் அவளுடைய கையைப் பார்த்ததுமே கைநாட்டு வைக்க மைப் பெட்டியைத் திறந்து வைத்தார். அவள் அதை முழங்கையால் ஒதுக்கிவிட்டுப் பேனா கேட்டாள். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒவ்வொரு எழுத்தாக, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதி முடித்தாள்.

"எழுதிட்டியா?" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷன்.

"எழுதிட்டேன்."

"கோட்டு மேலயா?"

"கொஞ்சம் ஏறி இறங்கித்தான் போயிருக்கு. என் நடை மாதிரி."

அவள் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட நாள் 2013 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை.