வலை நூலில் ஒரு சோடிச் சப்பாத்து

அந்தச் சப்பாத்தை வவுனியாவில் ஒரு கடையில் வாங்கினேன். கடற்பச்சை நிறம். மேல்பகுதி மீன்வலையை உருக்கி எடுத்த நூலில் நெய்தது. உள்ளே தேங்காய்த் தும்பு, அடியில் பழைய டயர் ரப்பர். கடலில் கைவிடப்பட்ட வலைகளில் ஆமைகள் சிக்கிச் சாகின்றனவாம், அந்த வலைகளைத்தான் எடுத்துச் செய்கிறார்கள் என்று கடைக்காரர் சொன்னார். என்னோடு வேலை செய்கிறவர்கள் கழற்றித் தரச்சொல்லி வாங்கிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தங்கையின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். முல்லைத்தீவுக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் போனேன். அப்பா முற்றத்தில் குந்தியிருந்து, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"அப்பா, இதைப் பாருங்கோ. வலையில செய்தது," என்று காலை நீட்டினேன்.

அவர் கையில் இருந்த ஊசி நின்றது. "என்ன வலை?"

"கடலில கிடக்கிற வலையள். ஆரும் தேடாத வலையள்."

"ஆரும் தேடாததோ?" அப்பாவின் முகம் வெளிறிப்போனது. "ஆரின்ரை வலை எண்டு கேட்டனியோ?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வலையைக் காலில் போட்டது பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்துச் சிரித்தேன். அம்மா வந்து என் கையைப் பிடித்துக் அடுப்படிக்குள் இழுத்தார்.

"சித்தப்பான்ரை வள்ளம் மட்டுந்தானே கரைக்கு வந்தது. ஆளும் வரேல்லை, வலையும் வரேல்லை. மறந்து போனியோ?"

நான் சித்தப்பாவை மறக்கவில்லை. ஆனால் அந்த வலை எங்கேயோ கிடக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. வலை கிடக்கும் இடத்தில்தான் தன் தம்பியும் கிடப்பான் என்று அப்பா இத்தனை வருடமும் நம்பியிருந்ததை அம்மா சொல்லித்தான் அறிந்தேன். உடனே சப்பாத்தைக் கழற்றினேன்.

வெளியே வந்தபோது அப்பா அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் நூலை விலக்கி விலக்கித் தேடினார்.

"அவன் போடுற முடிச்சு எனக்குத் தெரியும். இதில முடிச்சே இல்லை," என்று திருப்பித் தந்தார்.

ஞானஸ்நானத்துக்கு அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன். பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கையில் அப்பா பக்கத்தில் வந்தார்.

"பிள்ளை, அந்த வலையளை எடுக்கிற ஆக்களிட்டை, எடுக்கேக்க வேற ஏதும் கண்டவையோ எண்டு கேக்கலாமோ?"

சரி என்று தலையை ஆட்டினேன்.

வவுனியாவுக்குத் திரும்பியதும் கடைக்காரரிடம் கேட்டேன். அவர் சப்பாத்து செய்கிறவர்களிடம் விசாரித்துச் சொன்னார். அவை எங்கள் கடலில் எடுத்த வலைகளே இல்லையாம். ஏதோ தூர நாட்டுக் கடலாம்.

அன்று பின்னேரமே அப்பாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"ஓம் பிள்ளை," என்றார். பிறகு, நான் சாப்பிட்டேனோ என்று கேட்டார்.