ஓனர் கட்டிய காம்பவுண்டு சுவர்

மத்தியானமானால் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் தானாகக் கிணுகிணுக்கும். எதிரே இருந்த மலையில் கல் உடைக்க வெடி வைப்பார்கள். ஜன்னலைச் சாத்தினாலும் வெடிமருந்து நெடியும் வெள்ளைத் தூசியும் உள்ளே வந்துவிடும்.

எண்பதுகளின் நடுவில்... கல்யாணமான புதிது. எனக்குக் காரிமங்கலத்தில் டீச்சர் வேலை. அவருக்குத் தருமபுரியில் வேலை, காலை பஸ்ஸில் போனால் இருட்டித்தான் வருவார். ஊரை ஒட்டி, மலையடிவாரத்தில் புதிதாகப் போட்ட பிளாட்டில் ஒரு வீடு வாடகைக்குக் கிடைத்தது.

அந்த இடமே முன்பு ஓடை. மலையில் பெய்கிற மழை அந்த வழியாகத்தான் ஏரிக்குப் போகும். குவாரிக் கழிவைக் கொட்டி மேடாக்கி, கல் நட்டு விற்றுவிட்டார்கள். எங்கள் ஓனர் அதோடு விடவில்லை. மலையைப் பார்த்து கேட்டை வைத்து, மற்ற மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பியிருந்தார். தண்ணீர் வெளியேற ஒரு துளைகூடக் கிடையாது.

"பின்னாடி ஒரு ஓட்டையாவது வைங்களேன்" என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்!

"ஓட்டை வச்சா பாம்பு வரும் டீச்சர். நம்மூர்ல எங்க மழ பேயுது?"

அந்த ஐப்பசியில் பெய்தது.

எனக்கு ஏழாம் மாதம். லீவு போட்டுவிட்டு வீட்டில் தனியாக இருந்தேன். மலைப்பக்கமிருந்து செந்தண்ணீர் கல்லும் முள்ளுமாக கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தது. வெளியே போக வழியில்லாமல் வாசலில் சுழன்று, வீட்டுக்குள் ஏறியது. கணுக்கால்... முழங்கால்... வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்காவுக்குக் கேட்டுவிட்டது. அவர் வீட்டுக்காரர் கடைவீதியில் தகரக்கடை வைத்திருந்தார். அக்கா ஏணி போட்டு, சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"டீச்சர்! கட்டில் மேல ஏறி ஒக்காருங்க. எறங்கி வந்துறாதீங்க, கல்லு உருண்டு வருது!"

கட்டிலில் ஏறி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பின்பக்கச் சுவரில் கடப்பாரை விழும் சத்தம் கேட்டது. கூடவே ஓனரின் குரல். தண்ணீர் நிலவரம் பார்க்கக் குடையோடு வந்திருக்கிறார்.

"யம்மா, செவுத்துல கை வெக்காத! இப்பதான் கட்டுனது!"

"உள்ள புள்ளத்தாச்சி மாட்டிக்கிட்டு இருக்குதுங்க. உங்களுக்கு செவுருதான் பெருசா?"

"கேஸ் போட்டுருவேன்!"

"போடுங்க. மொதல்ல அந்தாண்ட தள்ளி நில்லுங்க, செவுரு உங்க மேல சாயும்."

சுவர் சாய்ந்தது. என் செருப்பு, பால் குண்டான், திருத்தாத பரீட்சைப் பேப்பர்கள் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு தண்ணீர் வெளியே பாய்ந்தது. நூர்ஜஹான் அக்கா உள்ளே வந்து, நனைந்த கையாலேயே என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "அசையுதா டீச்சர்?" அசைந்தது. இரண்டு பேரும் அழுதோம்.

ஓனரும் வந்தார். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை. நேராகப் பின்னால் போய் இடிந்த சுவரைப் பார்த்தார்!

தண்ணீர் வடிந்த கையோடு அதே இடத்தில் அதே சுவரைக் கட்டினார். இந்த முறை இன்னும் உயரமாக. ஓட்டை? அதுதான் பாம்பு வருமே... நாங்கள் காலி செய்துகொண்டு தருமபுரிக்கே போய்விட்டோம். அக்காவுக்கு அது சொந்த வீடு, எங்கே போவார்?

போன வாரம் என் கூடப்பிறந்த அக்காவின் மகன் போன் செய்தான். ஒரு மலையடிவாரத்தில் பிளாட் வாங்குகிறானாம்.

"ஹில் வியூ, சித்தி! காத்து சும்மா பிச்சுக்கிட்டு வருது."

"மழ வந்தா தண்ணி எந்தப் பக்கமாடா போகும்?"

"அதெல்லாம் பிரச்சனை இல்ல சித்தி. அப்ரூவல் ஆன பிளாட்டு."

அப்ரூவல் ஆனதை மலைத் தண்ணீரிடம் யார் போய்ச் சொல்வது? எனக்குத் தலையே வலித்தது.

"சரி, பக்கத்து வூட்ல யாருடா இருக்காங்க?"

"யாரும் இல்ல சித்தி. எல்லாம் பெங்களூர் பார்ட்டிங்க... வாங்கிப் பூட்டிப் போட்டிருக்காங்க."