பச்சைக் குழந்தைக்கு எத்தனை வெள்ளணு

திருச்செங்கோட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி லேபில் நான் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அதுவரை பெரியவர்களின் ரத்தம்தான் என் கைக்கு வந்திருந்தது. அன்று காலை வந்தது முந்தின நாள் பிறந்த ஓர் ஆண் குழந்தையுடையது. பிரசவத்துக்கு முன் அம்மாவுக்குக் காய்ச்சல் இருந்ததால், எதற்கும் பார்த்துவிடலாம் என்று குழந்தை டாக்டரம்மா எழுதியிருந்தார்.

மெஷின் ஒரு நிமிஷத்தில் கணக்கைத் தந்தது. வெள்ளணு இருபதாயிரத்துக்குப் பக்கம். பெரியவர்களுக்குப் பதினோராயிரம் தாண்டினாலே நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். ரிப்போர்ட்டில் 'மிக அதிகம்' என்று சிவப்பாக விழுந்திருந்தது. டாக்டரம்மா பார்த்துக்கொள்வார் என்று நினைத்து, ஜன்னலில் நின்ற குழந்தையின் அப்பாவிடம் கொடுத்துவிட்டேன்.

பத்தே நிமிஷத்தில் திரும்பி வந்தார். கையில் செல்போன். முகம் வெளுத்திருந்தது.

"ஏனுங்க மேடம், வெள்ளணு கூட இருந்தா புத்துநோய்னு போன்ல போட்டிருக்குதுங்க. நெசமாங்க?"

"வாங்க, டாக்டரம்மாகிட்டயே கேட்டுறலாம்" என்று கூடவே நடந்தேன். நடக்கும்போது சொன்னார். ஆந்திராவில் ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடுகிறாராம். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த பையனாம்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"நேத்துப் பொறந்த பையனுக்கு இதுதாங்க சரியான அளவு. பொறக்குற சிரமத்துலயே வெள்ளணு ஏறும். சில நாள்ல தானா இறங்கும். பையன் நல்லா இருக்கான்." பிறகு என் பக்கம் திரும்பி, "வயசு போட்டியாம்மா?" என்றார்.

போடவில்லை. அந்த இடத்தை நான் காலியாக விட்டதால், கம்ப்யூட்டர் அவனைப் பெரிய ஆளாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

குழந்தையின் அப்பாவுக்கு அப்போதும் முழு நம்பிக்கை வரவில்லை. லேபுக்குக் கூட்டிப்போய், நல்லபடியாக வீட்டுக்குப் போன குழந்தைகளின் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்து, பேரைக் கையால் மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினேன். பதினெட்டாயிரம், இருபத்திரண்டாயிரம், பதினாறாயிரம். முகம் மெல்லத் தெளிந்தது. திடீரென்று ஒரு தாளில் விரலை வைத்தார்.

"இந்தப் பாப்பாவுக்கு எம்பட பையனை விடக் கூட இருக்குதுங்களே?" குரலில் சின்ன வருத்தம்.

"இதுல போட்டி இல்லீங்க" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

திருத்திய ரிப்போர்ட்டோடு வார்டுக்குப் போனோம். ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்த குழந்தையின் அம்மாவுக்கு எதுவும் தெரியாது. "எங்க போனீங்க? அதுக்குள்ள பையன் ரெண்டு தடவை பால் குடிச்சிட்டான்."

"டீ குடிக்கப் போயிருந்தேன்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "இவங்களும் உங்ககூட டீ குடிச்சாங்களாக்கும்?"

மறைக்க மனசு வரவில்லை. வயசு போட மறந்ததிலிருந்து, பழைய தாளில் அவர் போட்டிக்கு நின்றதுவரை எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, சிரிக்க வெக்காதீங்க சாமி, தையல் வலிக்குது!"