கழுத்தைத் திருப்பும் கார்

டெரிக் எண்ட்விசில் நடுச்சாலையில் கம்பை ஊன்றி நின்றால் இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிடும். கம்பின் உச்சியில் வட்டப் பலகை, அதில் 'நில், குழந்தைகள்' என்ற எழுத்து. பிள்ளைகள் மழைக்கோட்டும் பையுமாகக் கடக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடும் இந்த வேலை பார்க்கும் மற்றவர்கள் ஓட்டுநரின் முகத்தைப் பார்ப்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் சக்கரத்தைப் பார்ப்பார்கள். டெரிக் அதையும் பார்க்கிறார், ஆனால் அரைக் கண்ணால்தான். மீதி ஒன்றரைக் கண்ணும் பிள்ளைகளின் கழுத்தின் மேல் இருக்கிறது. நிற்கிற கார்களில் எதைப் பார்த்து எந்தக் கழுத்து திரும்புகிறது என்பதுதான் அவருக்கு வேண்டும்.

கடைசிப் பிள்ளை நடைபாதையில் ஏறியதும் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு என் கடைக்கு வருவார். பள்ளிக்கு எதிர்ச்சாரியில் பத்திரிகையும் மிட்டாயும் விற்கிற கடை என்னுடையது. பால் சேர்க்காத தேநீர் ஒன்றை எடுத்துக்கொண்டு கணக்கு ஒப்பிப்பார்.

"அந்த ஆரஞ்சு போர்ஷே வந்துச்சே, பாத்தியா கண்ணு?"

"பாத்தேன்."

"ஒரே ஒரு கழுத்துதான் திரும்புச்சு. அதுவும் கணக்கு வாத்தியாரோடது."

எல்லோரும் அவருக்குக் 'கண்ணு'தான். பாதிரியார், போலீஸ்காரர், பள்ளி வாசலை அடைத்து நிறுத்தும் வேன்காரன் உட்பட. "இன்னொரு தடவ இங்க நிறுத்தினா இந்தக் கம்பு உன் கண்ணாடி வழியா உள்ள வரும், கண்ணு" என்று அவர் சொல்லும்போது குரலில் கோபமே இருக்காது. அறுபத்தெட்டு வயது. நல்ல உயரம். வடக்கு இங்கிலாந்தில் டார்வனிலிருந்து பிளாக்பர்னுக்குப் பேருந்து ஓட்டியே வாழ்நாளில் பாதி போனதால் தோள் இரண்டும் இன்னும் ஒரு பெரிய ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பது போல முன்னால் வளைந்திருக்கும். கம்பு பிடிக்கும் கையில் கம்பளி உறை, மற்றக் கையில் பேருந்துக் காலத்துத் தோல் உறை. ஜோடி சேராததைச் சொன்னால், "ரெண்டும் வேற வேற வேலை பாக்குது" என்பார்.

இன்று சாலையில் ஓடுகிற கார்களில் எது நாளைக்குச் சேகரிப்பவர்கள் தேடி அலையும் காராகும் என்பதுதான் அவர் தலையில் எந்நேரமும் ஓடுவது. அதற்கு அவரிடம் ஒரு சித்தாந்தம் இருக்கிறது. முதல் முறை சொன்னபோது நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன், எண்ணிக்கை தவறிவிட்டது.

"பழைய கார எவன் வாங்கி மூடி வெப்பான்? அம்பது வயசுக்காரன். கையில காசு இருக்கும், முட்டி வலிக்கும், வீட்டுல கேக்க ஆளிருக்காது. அவன் எத வாங்குவான்? பத்து வயசுல எந்தக் காரப் பாத்து வாயப் பொளந்தானோ, எந்தக் கார்ல பின்சீட்டுல உக்காந்து போனானோ, அத. அப்ப நாப்பது வருசம் கழிச்சு எது நிக்கும்னு யாரக் கேக்கணும்? இதோ, மூக்கு ஒழுகிக்கிட்டுப் போவுதே, இதுங்களக் கேக்கணும்."

என் கடைக்கு வரும் கார் பத்திரிகைகளில் 'நாளைய அரிய கார்கள்' என்று அவ்வப்போது பட்டியல் வரும். டெரிக் நின்றபடியே முழுதும் படிப்பார், வாங்க மாட்டார், மடிப்புக் கலையாமல் திருப்பி வைப்பார். "எழுதினவன் தனக்குப் புடிச்சத எழுதியிருக்கான்" என்பது பொதுவான தீர்ப்பு. பிறகு ஒவ்வொன்றாக வரும். சுசுகி ஜிம்னி: "இது சரி. பெட்டி மாதிரி இருக்கு. பெட்டின்னா பிள்ளைங்க வரைஞ்சிடும்." பிஎம்டபிள்யூ ஐ3: "பின்கதவு எதிர்ப்பக்கமா தொறக்குது. அதுக்குன்னு நின்னு பாக்குதுங்க." கையால் கியர் மாற்றும் அந்தச் சின்ன டொயோட்டா, ஜிஆர் யாரிஸ்: "அது ஓட்டுறவனுக்கு. சத்தம் கேட்டுத் திரும்புதுங்க, பாத்ததும் விட்டுடுதுங்க." எல்லாவற்றையும்விட அதிகக் கழுத்து எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "குப்ப லாரிக்கு" என்றார். "ஆனா அத எங்க நிறுத்துறது?"

பேச்சோடு நிற்பவரில்லை. குன்றின் சரிவில், அவர் வீட்டுக்குச் சற்று மேலே ஒரு வரிசையாகக் கார் கொட்டகைகள் இருந்தன. அதில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று அவர் வாடகைக்கு எடுத்திருந்தார். ஒன்றில் நீலநிறப் பூமா, ஃபோர்டு முதலில் அந்தப் பெயரில் விட்ட இரண்டு கதவுக் கார். அவர் பார்வையில் அதுதான் முதலிடம். ஞாயிறு தோறும் அதைத் துடைப்பார். பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்புத் தூவும் மாதங்களில், துருப்பிடிக்கும் என்று வெளியே எடுக்கவே மாட்டார். இன்னொன்றில் வெள்ளை ஹோண்டா ஈ, மின்சாரக் கார். முன்பக்கம் இரண்டு வட்டக் கண்ணும் ஏதோ கேட்க வந்தது போன்ற முகமும். "ஒண்ணாம் வகுப்பு மொத்தமும் அதுக்குக் கையாட்டுது கண்ணு. கம்பெனிக்காரன் கொஞ்ச வருசத்துலயே செய்யறத நிறுத்திட்டான். இதுக்கு மேல என்ன வேணும்?" கொட்டகையில் மின்சாரம் கிடையாது. சூப்பர் மார்க்கெட்டில் சார்ஜ் போட்டுவிட்டு, உள்ளே போய் ஒரே ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நெடுநேரம் தேர்ந்தெடுப்பார்.

மூன்றாவது கொட்டகையில் இருந்தது சேகரிப்பில் சேராதது. பச்சைநிற ஃபியட் மல்டிப்லா. முன்னால் மூன்று இருக்கை, பின்னால் மூன்று. முன்கண்ணாடிக்குக் கீழே நெற்றி புடைத்தது போல ஒரு மேடு. ஏணி, பெயின்ட் டப்பா, பள்ளிக் கம்பு எல்லாம் ஏற்றுவதற்கு அது. அடுத்த கொட்டகையில் புறாவும் கோழியும் வளர்க்கும் பாரி கிரிம்ஷா அதற்குத் 'தேனீ கொட்டின மூஞ்சி' என்று பெயர் வைத்திருந்தார். "டெரிக், உன் காருங்க முட்ட போட்டுச்சா? என்னோடது போட்டிருக்கு" என்பது பாரியின் தினசரி வணக்கம்.

மல்டிப்லாவை வாங்கியபோது மகள் லியானுக்கு ஒன்பது வயது, மனைவி டெனிஸும் உடன் இருந்தார். லியானுக்குப் பதினாறு ஆனபோது டெனிஸ் பிரிந்துபோனார், இப்போது கடற்கரை ஊரான ஃபிளீட்வுட்டில் தரைவிரிப்புப் போடும் ஒருவருடன் இருக்கிறார். அதைப் பற்றி டெரிக் பேசி நான் கேட்டது ஒரே வாக்கியம்: "ஃபிளீட்வுட்ல காத்து அதிகம்."

இந்தக் குளிர்காலத்தில் கொட்டகைகளின் கதவுகளில் அறிவிப்பு ஒட்டினார்கள். கூரைத் தகடுகள் பழசு, ஆஸ்பெஸ்டாஸ் கலந்தது, இடிக்கப் போகிறோம், மார்ச் முடிவதற்குள் காலி செய்யுங்கள். டெரிக் வீடு சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளின் வரிசையில் ஒன்று. வாசல் திறந்தால் தெரு. அங்கே ஒரு கார் நிற்கலாம். பிரஸ்டனில் இருக்கும் லியான் தன் வீட்டு முன்புறத்தில் ஒன்றுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தாள். ஆக, மூன்றில் ஒன்று போயாக வேண்டும்.

"அது ஒரு பிரச்சினையே இல்ல" என்றார் டெரிக். "பச்சையத் தூக்கிடலாம். பழைய இரும்புக்கடைக்காரன் சனிக்கிழம வர்றான்."

பூமாவின் பேட்டரி இறங்கியிருந்ததால் சனிக்கிழமை நானும் கேபிள் எடுத்துக்கொண்டு மேலே போனேன். தூறல். லியானும் பிரஸ்டனிலிருந்து வந்திருந்தாள். பல் மருத்துவமனையில் வேலை செய்பவள், முப்பத்து மூன்று வயது, அப்பாவின் உயரம். டெரிக்கும் நானும் பூமாவின் முன்மூடியைத் திறந்து குனிந்திருந்த நேரத்தில் அவள் மல்டிப்லாவின் பொருள்களை இறக்கப் போனாள். ஏணி இறங்கும் சத்தம் கேட்டது. டப்பாக்கள் இறங்கின. பிறகு சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால், முன்வரிசையில் நடு இருக்கையில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன கண்ணு, கால் வலிக்குதா?" என்றார் டெரிக்.

"இத எங்கப்பா அனுப்புற?"

"இரும்புக்கு. சொன்னேனே."

"நீ 'பழசு'ன்ன. இதுன்னு சொல்லல."

"வேற எது? இத எவன் வாங்குவான்?"

அவள் அணைந்து கிடந்த ரேடியோவின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தாள். "பிளாக்பூல் கடற்கரையில விளக்கு அலங்காரம் பாக்கப் போவோமே," என்றாள். "அம்மா ஆரஞ்சு உரிச்சு எங்கிட்டக் குடுப்பா, உனக்குக் குடுக்கச் சொல்லி. நீ ரோட்டப் பாத்துக்கிட்டே வாயத் தொறப்ப. நான் ஊட்டுவேன்."

"பின்சீட்டு முழுக்கக் காலியாத்தான் இருந்துச்சு. போய் நல்லா சாஞ்சு தூங்குன்னா கேக்க மாட்ட."

"எப்படிப் போவேன்? நான் நடுவுல உக்காந்திருந்தா நீங்க சண்டய பாதியில நிறுத்திடுவீங்க. பின்னாடி போனா நிறுத்த மாட்டீங்க. அதனாலதான் எந்திரிக்கவே மாட்டேன். பதினஞ்சு வயசுல முட்டி ரேடியோவுல இடிக்கும், அப்பவும் இங்கதான்."

டெரிக் ஜோடி சேராத கையுறைகளில் ஒன்றைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டார். "இத நீ சொன்னதே இல்லையே."

"நீ கேட்டதே இல்லையேப்பா. ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் கேக்குற."

அந்தப் பக்கம் புறாக்கூண்டு அருகே பாரி நின்றிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். தீவன வாளியைக் கீழே வைக்காமலே நின்றார்.

அந்த நேரம் பார்த்து இரும்புக்கடை லாரி பின்னோக்கி ஏறி வந்தது. ஓட்டி வந்தவர் இறங்கி, சங்கிலியை இழுத்துக்கொண்டே, "எது, இந்தப் பச்சையா?" என்றார்.

டெரிக் காரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கடைசியாகக் கொட்டகையின் மூலையைப் பார்த்தார். "அந்தப் பழைய டயருங்க இருக்கு" என்றார். "அப்புறம் அந்தத் துருப்புடிச்ச அலமாரி."

"காருன்னு சொன்னீங்க."

"சொன்னேன் கண்ணு. தப்பாச் சொல்லிட்டேன். டீ குடிச்சிட்டுப் போ."

லாரி டயர்களோடு இறங்கிப் போன பிறகுதான் பாரி வாளியை வைத்தார். "அப்ப எது போவுது, டெரிக்?"

"பூமா."

"அதுதான் நம்பர் ஒன்னுன்ன. பத்து வருசமா அதையேதான் சொல்ற."

"அதுக்குத் திரும்பினது என் கழுத்து" என்றார் டெரிக். "என் கழுத்தக் கணக்குல சேத்ததே தப்பு."

அடுத்த வாரமே போல்ட்டனிலிருந்து ஓர் இளைஞன் வந்து பூமாவை ஓட்டிப் போனான். தெரு முனை திரும்பும்வரை டெரிக் பார்த்தார். பிறகு கம்பை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்துவிட்டார், அன்றைக்குச் சற்று முன்னதாகவே. ஹோண்டா பிரஸ்டனில் லியானின் வீட்டு முன்னால் நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கையாட்டுகிறார்களாம். டெரிக் வீட்டு வாசலில், மழையிலும் உப்பிலும் நிற்கப்போவது மல்டிப்லா. அது அரிய பொருளாகும் என்று அவர் இப்போதும் சொல்வதில்லை. யாராவது சீண்டினால், "ஏணி வெக்க எடம் வேணுமில்ல" என்கிறார்.

மார்ச் மாதத்தின் கடைசி நாளில் கொட்டகைகளின் சாவியைக் கொடுத்துவிட்டு மூன்று பேரும் மல்டிப்லாவில்தான் இறங்கி வந்தோம். டெரிக் ஓட்டினார். லியான் கேட்காமலே நடுவில் ஏறினாள், எனக்கு ஓரம். பின்வரிசையில் பாரி தந்த ஒரு தட்டு முட்டையும் ஏணியும். துடைப்பான் கிறீச்சிட்டுக்கொண்டே மழையைத் தள்ளியது. லியான் ரேடியோவில் ஒவ்வொரு நிலையமாகத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

சரிவு முடிந்து பெரிய சாலையைத் தொடும் இடத்தில் ஒரு வேன் எதையும் பார்க்காமல் குறுக்கே வந்தது. டெரிக் பிரேக்கை அழுத்தினார். கால் அழுத்திய அதே கணத்தில் அவருடைய இடக்கை கியரை விட்டு எழுந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த முப்பத்து மூன்று வயதுப் பெண்ணின் முன்னால் குறுக்கே நீண்டது. வேன் போய்விட்டது. பின்னால் யாரோ ஒலிப்பானை அடித்தார்கள். கை அப்படியே இருந்தது.